வெளியே ஒரு தாழ்ப்பாள்

ஜனவரி 9

அன்புள்ள சுண்டு,

நானும் உன் அண்ணியும் நலம். என் முழங்கால் வலி மட்டும் என்னோடு சேர்ந்து ஓய்வு பெற மறுக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள்? உன் தலைவலி தேவலையா?

ஒரு நல்ல செய்தி. பள்ளிக்கூடத்தை விட்டு வந்தபின் கை சும்மா இருக்கமாட்டேன் என்றதால் வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கினேன். 'நம்ம வீட்டுப் பாட்டு' என்று பெயர். வீடுகளில் பாடுகிற பாட்டு, சொல்லுகிற கதை, வரைகிற படம் எல்லாவற்றையும் அவரவரே பதிவு செய்து போட வேண்டும். முதலில் என் பழைய மாணவர்கள் மட்டும்தான். ஒருவரும் ஒன்றும் போடவில்லை. வகுப்பில் கேள்வி கேட்டால் முதல் கை உயரும்வரை எல்லாரும் மேசையையே பார்ப்பார்களே, அதே கதை. பிறகு ஒருவன் தன் சித்தப்பா தகர டப்பாவில் தாளம் போடுவதைப் போட்டான். அதோடு கூச்சம் விட்டது.

என் பிரிவுபசார விழாவுக்கு வந்தபோது, வெங்காயம் உரித்துக்கொண்டே நீ ஒரு பாட்டுப் பாடினாய், நினைவிருக்கிறதா? அண்ணி அதை போனில் பிடித்து வைத்திருக்கிறாள். போன வாரம் அதைப் போட்டேன்.

'உள்ளே ஒரு தாழ்ப்பாள், வெளியே ஒரு தாழ்ப்பாள்
நடுவில தொங்குது நனைஞ்ச சேலை
கிளிப்பு ரெண்டு கடிச்சிருக்க காத்து வந்து கேக்குது
வர்றியா வர்றியா வண்ணச் சேலை.'

'எங்கள் அம்மா, அவருக்கு முன்னால் அவருடைய அம்மா என்று வழிவழியாக எங்கள் வீட்டில் பாடிவரும் பாட்டு. பாடுபவர் என் தங்கை' என்று மேலே எழுதினேன். சுண்டு, பார்த்தவர்கள் கேட்டவர்கள் எல்லாம் அடுத்தவர்களுக்கு அனுப்பி, இப்போது முகம் தெரியாதவர்களெல்லாம் குழுவில் சேர்கிறார்கள். அம்மா இருந்திருந்தால் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்திருப்பாள்.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல்.

உன் அண்ணன்

*

ஜனவரி 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுண்டு எழுதுகிறேன். நாங்கள் நலம். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லி அண்ணியை நச்சரிக்காதே, நீயே போட்டுக்கொள்.

கடிதம் வந்தது. அவர் படித்துவிட்டுக் கொடுத்தார். இனிமேல் எழுதினால் தையல்கடை முகவரிக்கு எழுது, கீழே கொடுத்திருக்கிறேன். தபால்காரர் வரும்போது நான் வாசல் பக்கம் இருப்பதில்லை. தையல்கடை அக்கா ரவிக்கைத் துணி கொடுக்கவும் வாங்கவும் ஜன்னலுக்கு வருவார், அப்போது தந்துவிடுவார். இதையும் அவர்தான் தபாலில் போடுகிறார்.

அண்ணா, அந்தப் பாட்டு அம்மா பாடினதில்லை. அம்மா வாயைத் திறந்து ஒரு சொல் பாடி நீ கேட்டிருக்கிறாயா? ம்ம்ம் என்று முணுமுணுப்பாள், அவ்வளவுதான். மெட்டு அவளுடையது. சொல் எல்லாம் நான் கட்டினது, இந்த வீட்டுக்கு வந்தபிறகு. இதைப்போல இன்னும் சிலது இருக்கிறது. நம் அம்மாவுடைய அம்மா காலத்தில் கிளிப்பு ஏது, நீயே யோசித்துப் பார்.

பெரிய விஷயமில்லை. ஆனாலும் குழுவில் ஒரு வரி திருத்திப் போட்டால் சந்தோஷப்படுவேன். நானாகச் செய்தது என்று சொல்லிக்கொள்ள என்னிடம் வேறொன்றும் இல்லை.

அண்ணிக்கு என் அன்பு.

சுண்டு

*

பிப்ரவரி 15

அன்புள்ள சுண்டு,

இருவரும் நலம். நீ சொன்னபடி தையல்கடைக்கே எழுதுகிறேன்.

நீ கட்டியதா அது? எனக்குப் பெருமை தாங்கவில்லை. கட்டாயம் திருத்துகிறேன். ஆனால் கொஞ்சம் பொறு. இதற்குள் விஷயம் என் கையை விட்டு வளர்ந்துவிட்டது. குழுவில் ஒரு விரிவுரையாளர் இருக்கிறார். உன் நாலு அடிக்கு நாலு பக்கம் விளக்கம் எழுதியிருக்கிறார். 'வெளியே ஒரு தாழ்ப்பாள்' என்பது பழங்காலத் தானிய அறையாம். 'கிளிப்பு' என்பது பிற்காலத்தில் நுழைந்த பிழையாம், மூலத்தில் 'கிளிகள் ரெண்டு கடிச்சிருக்க' என்றுதான் இருந்திருக்குமாம். கிளி வந்து எதற்குச் சேலையைக் கடிக்கிறது என்று உன் அண்ணி கேட்டாள். "அதுக்குப் பசியா இருக்கும், பேசாம இரு"ன்னு சொன்னேன்.

சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மனிதர் மனதாரச் செய்கிறார். இப்போது போய் 'ஐயா, இது போன வருஷத்துப் பாட்டு' என்றால் அவர் முகம் என்ன ஆகும்? விடைத்தாளை எல்லார் முன்னாலும் திருத்தக் கூடாது, தனியே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்பது என் வழக்கம். சமயம் பார்த்துச் சொல்கிறேன். இன்னொன்றும் யோசி. ஊருணியில் தண்ணீர் எடுக்கிறவர்கள் அதை வெட்டியவன் யாரென்று கேட்பதில்லை. பெயரில்லாமல் நிற்பதும் ஒரு பெருமைதான்.

விரிவுரையாளருக்காக ஒரு கேள்வி. வெளித்தாழ்ப்பாளை நீ எங்கே பார்த்தாய்?

அண்ணன்

*

மார்ச் 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். தலைவலி வந்து வந்து போகிறது. அண்ணி அனுப்பிய தைலம் வந்தது.

குழுவில் அவரும் சேர்ந்துவிட்டார், பார்த்திருப்பாய். உன் முதல் கடிதத்தில் படித்தபோது அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. இப்போது கிடங்கில் கூட வேலை செய்கிறவர் யாரோ காட்டினாராம், "இது உங்க வீட்டம்மா குரல் மாதிரி இருக்கே"ன்னு. அன்றைக்குச் சாயங்காலம் சீக்கிரம் வந்துவிட்டார். நான் பயந்துபோனேன். ஆனால் அவர் சிரித்த முகத்தோடு, "நீ இவ்வளவு பெரிய ஆளுன்னு சொல்லவே இல்லையே"ன்னு கேட்டார். என்னைச் சுவரோரம் நாற்காலியில் உட்கார வைத்துப் படம் பிடித்தார். நீ பார்த்தது அதுதான்.

இப்போது ஞாயிறுதோறும் பாட வேண்டும். போன ஞாயிறு மூன்றாம் அடியில் 'காத்து வந்து கேக்குது' என்பதை 'காத்து வந்து கேக்கல' என்று மாற்றிப் பாடினேன். இப்போதெல்லாம் அப்படித்தான் வருகிறது. உடனே குழுவில் ஆளாளுக்கு 'அம்மா, மூலத்தை மாற்றாதீர்கள்' என்று எழுதிவிட்டார்கள். ஒருவர் என்னை மன்னிப்புக் கேட்கச் சொன்னார். இவர் போனை என் முகத்துக்கு நேரே பிடித்து, "சரியா பாடு. நாலு பேரு பாக்கறாங்க. கிளிப்புன்னு சொல்லாதே, கிளிகள்னு சொல்லு. படிச்சவங்க சொன்னா கேக்கணும்"ன்னு சொன்னார். மறுபடியும் பாடினேன். கிளிகள் என்று பாடினேன்.

திருத்தம் எப்போது போடுவாய்?

சுண்டு

*

ஏப்ரல் 4

அன்புள்ள சுண்டு,

இங்கே இருவரும் நலம். வெயில் கொளுத்துகிறது.

மாப்பிள்ளை உன் பாட்டின்மேல் இவ்வளவு அக்கறை எடுப்பார் என்று நான் நினைக்கவில்லை. சிடுசிடுப்பான மனிதர் என்றுதான் இவ்வளவு நாளும் எண்ணியிருந்தேன். கலை ஒரு மனிதரை எப்படி இளக்குகிறது பார். பனிக்கட்டியை உடைக்க வேண்டியதில்லை, வெயிலில் வைத்தால் போதும் என்று ஆறாம் வகுப்பில் சொல்லுவேன்.

நீயும் கொஞ்சம் அனுசரித்துப் போ. அவர்கள் மனப்பாடம் செய்துவிட்ட பாட்டைத் திடீரென்று மாற்றினால் குழம்பத்தான் செய்வார்கள். குழுவுக்கு ஒரு வருஷம் நிறையும்போது திருத்தத்தைப் போட்டுவிடுகிறேன்.

வெளித்தாழ்ப்பாள் பற்றிக் கேட்டேன், நீ பதில் எழுதவில்லை. மறந்துவிட்டாய் போலிருக்கிறது.

அண்ணன்

சுண்டு, அண்ணி எழுதுகிறேன். இவர் வழக்கம்போல எல்லாம் விளக்கிவிட்டார். எனக்கு விளக்கம் வேண்டாம், ஒன்று மட்டும் சொல். ஞாயிறு வீடியோவில் உன் தலைக்குப் பின்னால் எப்போதும் ஈரத்துணி தொங்குகிறதே, இந்த வெயிலில் ஏன் வீட்டுக்குள் காயப் போடுகிறாய்?

*

மே 29

சுண்டு,

நலம் கேட்டு எழுத எனக்கு இன்று தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன். எப்படி இருக்கிறாய்?

ஏப்ரல் கடிதத்துக்கு நீ பதில் எழுதவில்லை. ரவிக்கை வேலை அதிகம் என்று நினைத்துக்கொண்டேன். நேற்று மாப்பிள்ளை குழுவில் ஒரு படம் போட்டார். விரிவுரையாளர் 'இத்தகைய வெளித்தாழ்ப்பாள் இன்று எங்கேனும் உண்டா?' என்று கேட்டிருந்தார். அதற்குப் பதிலாக, 'எங்க வீட்டுலயே இருக்கு சார், பழைய முறையை நாங்க விடல' என்று எழுதி, உங்கள் வாசல் கதவைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறார். கதவு சாத்தியிருக்கிறது. வெளியே தாழ்ப்பாள், அதில் பூட்டு. பக்கத்து ஜன்னல் கம்பிக்குப் பின்னால் ஈரச் சேலை ஒன்று. அந்தப் படத்தின் கீழே எல்லாரும் பூவும் கைதட்டலுமாகப் போட்டிருக்கிறார்கள். விரிவுரையாளர் 'அருமையான சான்று' என்று எழுதியிருக்கிறார்.

அண்ணி போனை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தாள். போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனாள்.

அந்த வாசலில் நானே வந்து நின்றிருக்கிறேன். அது வெளிப்பக்கம் திறக்கிற கதவு, அப்போது விரியத் திறந்திருந்தது. திறந்த கதவில் வெளித்தாழ்ப்பாள் சுவர்ப் பக்கம் போய்விடுகிறது, வருகிறவன் கண்ணுக்குத் தெரிவதில்லை. உன்னிடமே கேட்டேனே, எங்கே பார்த்தாய் என்று.

அடுத்த வாரம் குழுவில் எழுதப் போகிறேன். பாட்டு உன்னுடையது, கதவும் உன்னுடையது என்று எல்லாருக்கும் தெரியட்டும்.

அண்ணன்

*

ஜூன் 2

அண்ணா,

எழுதாதே. இதைத் தையல்கடை அக்கா இன்றைக்கே விரைவுத் தபாலில் போடுகிறேன் என்று ஜன்னலோரம் நின்று வாங்கிப் போகிறார். எழுதிவிட்டிருந்தால் அழித்துவிடு.

நான் முன்பு திருத்தச் சொன்னேன், தெரியும். அப்போது அவர் குழுவில் இல்லை. இப்போது அந்தப் பாட்டு நம் வீட்டுப் பழைய பாட்டு என்று இருக்கிறவரைதான் அதை நான் இந்த வீட்டுக்குள் சத்தமாகப் பாட முடியும். அவர் எதிரில் உட்கார்ந்து அவர் தாழ்ப்பாளைப் பற்றியே பாடுகிறேன், அவரே போனைப் பிடித்துக்கொண்டு "இன்னும் கொஞ்சம் உரக்க"ன்னு சொல்லுகிறார். அதில் எனக்கு என்ன இருக்கிறது என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஏதோ இருக்கிறது. நான் கட்டினது என்று தெரிந்த நிமிஷம் அவர் "எதுக்கு?"ன்னு கேட்பார். அவருடைய அந்த ஒரு கேள்விக்கு இதுவரை என்னால் பதில் சொல்ல முடிந்ததில்லை. ஏன் ஜன்னல்கிட்ட நின்னே, எதுக்கு. ஏன் சிரிச்சே, எதுக்கு.

காலையில் வேலைக்குப் போகும்போது வெளியே தாழ் போட்டுக்கொண்டே இப்போது அந்த மெட்டை முணுமுணுக்கிறார், அண்ணா. அவருக்குத் தெரியாமலே வாயில் வந்துவிடுகிறது. அம்மாவின் மெட்டு. நான் உள்ளே நின்று கேட்கிறேன்.

நீ வந்து கூப்பிட்டால் அனுப்புவார் என்று நினைக்காதே. நாற்காலி போட்டு உபசரிப்பார். கதவை விரியத் திறந்து வைப்பார். நீ பஸ் ஏறினபிறகு நானும் அவரும்தான் இருப்போம்.

அண்ணியிடம் சொல், துணி ஏன் உள்ளே காய்கிறது என்று அவர் ஒருவர்தான் கேட்டார்.

சுண்டு

*

ஜூன் 14

அன்புள்ள சுண்டு,

எழுதவில்லை. எழுதி வைத்திருந்தேன், போடவில்லை. உன் கடிதம் வந்ததும் கிழித்துவிட்டேன். நாங்கள் நலம், சாப்பிடுகிறோம், நீயும் சாப்பிடு.

இனி நான் உதாரணம் சொல்லப் போவதில்லை. உன் அண்ணி சொன்னதைச் சொல்கிறேன். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். "உங்க குழுவுல அவரு யாரு பேச்சைக் கேக்கறாரு?"ன்னு கேட்டாள். "படிச்சவங்க பேச்சை, கூட்டத்தோட பேச்சை"ன்னு சொன்னேன். "அப்ப கூட்டத்தை விட்டுக் கேக்கச் சொல்லுங்க."

"என்னன்னு கேக்கறது?"

"பாட்டு பாதிதானே இருக்கு. மீதி எங்கேன்னு."

"மீதின்னு ஒண்ணு கிடையாதேடி. அவ கட்டினது நாலே அடி."

"ஏங்க, நாப்பது வருஷம் இல்லாத பிள்ளைக்கெல்லாம் ஆஜர் போட்டதில்லையா நீங்க?"

நான் போட்டதில்லை. ஆனால் இந்தக் குழு வளர்ந்ததே தெரியாமல் எழுதிய ஒரு பொய்யில்தான். தெரிந்து இன்னொன்று எழுதப் போகிறேன். பாட்டுக்கு இன்னும் பல அடிகள் உண்டு, சிறு வயதில் கேட்டது, பாடியவளுக்கு மறந்துவிட்டது, பிறந்த வீட்டில் அந்த அடுப்படியில் அம்மாவின் மெட்டைக் கேட்ட இடத்தில் உட்கார்ந்தால் நினைவு திரும்பும் என்று நாளைக்குப் போடுகிறேன். அதற்கு மேல் குழு பார்த்துக்கொள்ளும். விரிவுரையாளரை எனக்குத் தெரியும். மீதி அடி என்றால் சோறு தண்ணீர் இறங்காது அவருக்கு.

நீ ஒன்றும் கேட்காதே. ஆசைப்படுகிற முகம் காட்டாதே.

அண்ணன்

*

ஜூலை 19

அன்புள்ள அண்ணாவுக்கு, அண்ணிக்கு,

நலம். எழுதக் கை ஓடவில்லை.

குழுவில் வந்த செய்தியெல்லாம் அவர் சாப்பிட்டுக்கொண்டே படித்தார். விரிவுரையாளர் எழுதியது, வெளிநாட்டிலிருந்து யாரோ ஒருத்தி எழுதியது, 'ஐயா, இந்தச் செல்வத்தை மீட்டுத் தருவது உங்கள் கையில்தான் இருக்கிறது' என்று கிடங்கு முதலாளியே எழுதியது. அதைப் படித்ததும் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

"உனக்கு ஞாபகம் இருக்கா இல்லையா?"ன்னு கேட்டார்.

"இல்லீங்க."

"யோசிச்சுப் பாரு. இங்கயே யோசி."

ஒரு வாரம் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தேன், அவர் போனைப் பிடித்தபடி காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை என்று குழுவுக்கும் எழுதினார். 'வற்புறுத்தினால் வராது, இடம் மாற வேண்டும்' என்று பதில் வந்துகொண்டே இருந்தது. கடைசியில் போனை வீசினார். பிறகு போய் எடுத்துத் துடைத்து, 'அனுப்புகிறேன்' என்று எழுதினார். எழுதியதும் கைதட்டல் வந்தது. அதையும் எனக்குக் காட்டினார்.

வருகிற மாதம் கொண்டுவந்து விடுகிறாராம். பாட்டு முடிந்ததும் கூட்டிப் போவாராம். நான் சரிங்க என்று மட்டும் சொன்னேன். துணி எடுத்து வைத்தால் நிறைய எடுக்கிறாய் எதுக்கு என்பார், அதனால் ஒரு பை மட்டும்தான்.

தையல்கடை அக்காவிடம் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தைக் கொடுக்கும்போது சொல்ல வேண்டும். பஸ் புறப்படும்வரை நான் வருகிறேன் என்று நீங்கள் நம்பாதீர்கள். நானும் நம்பவில்லை.

சுண்டு

*

அக்டோபர் 3

மரியாதைக்குரிய மைத்துனருக்கு,

நலம், நலமறிய அவா.

உங்கள் தங்கையை ஆகஸ்டில் கொண்டுவந்து விட்டேன். அக்டோபர் வந்துவிட்டது. இதுவரை குழுவில் மூன்று அடிகள்தான் வந்திருக்கின்றன. போனில் கேட்டால் நினைவுபடுத்திக்கொண்டிருக்கிறாள் என்கிறீர்கள். போனை அவளிடம் கொடுங்கள் என்றால் குளிக்கிறாள், கடைக்குப் போயிருக்கிறாள் என்கிறீர்கள். கடைக்கு எதற்குத் தனியே போகிறாள்?

இங்கே சாப்பாடு சரியில்லை. குழுவில் என்னைப் பாராட்டுகிறார்கள், அதற்காகப் பொறுமையாக இருக்கிறேன். பாட்டு எத்தனை அடி, எப்போது முடியும் என்று தெளிவாக எழுதவும். அவள் எனக்கு ஏதாவது சொல்லச் சொன்னாளா என்றும் எழுதவும்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனர்

*

அக்டோபர் 11

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே மூவரும் நலம். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்குச் சோறு வடிக்கப் பழகிக்கொள்வது நல்லது, ஒன்றும் கடினமில்லை.

கேட்டதற்கு வரிசையாகப் பதில் எழுதுகிறேன். பாட்டு நீளமானது என்று தெரிகிறது. எத்தனை அடி என்று இப்போது சொல்ல முடியாது. வந்த முதல் நாட்களில் அவள் அடுப்படியை விட்டே நகரவில்லை. முற்றத்துக்குப் போகவும் உன் அண்ணியிடம், மன்னிக்கவும், என் மனைவியிடம் "போகலாமா?"ன்னு கேட்டுக்கொண்டு நிற்பாள். காற்றில் கதவு அடித்துச் சாத்தினால் கையிலிருந்ததைக் கீழே போட்டுவிடுவாள். துணியை அறைக்குள்ளேயே காயப் போட்டாள், நாங்களும் ஒன்றும் சொல்லவில்லை. இந்த நிலையில் அடி எப்படி வரும்? வந்த மூன்றும் அவள் பாடியபடியே போட்டேன். அதில் கிளிப்பு என்றுதான் இருக்கிறது. இனி அப்படித்தான் இருக்கும்.

கடைக்கு எதற்குப் போகிறாள் என்று கேட்டிருக்கிறீர்கள். நூல் வாங்க.

உங்கள் கதவுப் படத்தைக் குழுவிலிருந்து நான் நீக்கவில்லை. எல்லாரும் பார்க்கக்கூடிய இடத்திலேயே இருக்கிறது. விரிவுரையாளர் அதை மறுபடியும் பார்த்துவிட்டு, தானிய அறை என்று தான் எழுதியது சரிதானா என்று ஐயப்படுகிறார். வீட்டின் வாசல் கதவில் வெளியே பூட்டு யாருக்காக என்று என்னிடம் தனியே கேட்டிருக்கிறார். உங்கள் முதலாளியும் குழுவில் இருக்கிறார் அல்லவா, பலரும் இருக்கிறார்கள். விரிவுரையாளருக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. சமயம் பார்த்து எழுதுவது என் வழக்கம். நீங்கள் இங்கே புறப்பட்டு வருவதாக இருந்தால் முன்கூட்டியே தெரிவியுங்கள். அதற்கு முன் எழுதிவிடுகிறேன்.

அவள் உங்களுக்கு ஏதாவது சொல்லச் சொன்னாளா என்று கேட்டிருந்தீர்கள். போய்க் கேட்டேன். இன்றுதான் முதல் தடவையாகத் துணியை வெளியே கொடியில் போட்டுக் கிளிப் மாட்டிக்கொண்டிருந்தாள். காற்று பலமாக இருந்தது. நான் கேட்டது காதில் விழவில்லை போலிருக்கிறது. இரண்டாம் முறை நான் கேட்கவில்லை.

அன்புடன்,
சுண்டுவின் அண்ணன்